ஒரு குண்டெ விற்பவருக்கே

கார்ப்பரேட் வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கத்துகிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். கிருஷ்ணகிரி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக ஒரு ஆயுசையே ஓட்டிவிட்டு ரிட்டயர் ஆனவள் நான். அங்கே கத்தாத வக்கீலை நான் பார்த்ததே இல்லை. வாய்தா கேட்கக்கூடக் கத்துவார்கள். குருமூர்த்தி கத்தமாட்டார். அவர் கோர்ட் படியை மிதித்தே பல வருஷம் ஆகியிருந்தது. எதிராளி கோர்ட்டுக்கே போக முடியாதபடி எழுதிவைப்பதுதான் தன் தொழில் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எப்போதும் வெள்ளைச் சட்டை. அதில் ஒரு சுருக்கம் விழுந்து பார்த்ததில்லை. சுருக்கங்களுக்கும் ஏதாவது நோட்டீஸ் அனுப்பிவைத்திருப்பார்.

அவருடையது பெங்களூரில் பெரிய சட்ட நிறுவனம். ஆஸ்பத்திரியோ சிமெண்டு ஆலையோ, எது கைமாறினாலும் அவர்கள் எழுதித் தருகிற காகிதத்தில்தான் கைமாற வேண்டும். ஓசூரில் பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் கிளை போட்டிருந்தார்கள். அந்தக் காகிதங்களைத் தமிழில் ஆக்க ஆள் தேடினார்கள். வீட்டில் உட்கார்ந்து டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நான் போய்ச் சேர்ந்தேன். இதைவிட நல்ல வேடிக்கை எந்த டிவியிலும் வராது என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது.

வேடிக்கைதான், ஆனால் வயிற்றைப் புரட்டுகிற வேடிக்கை. ஒரு கம்பெனி ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்ப நினைத்தது. குருமூர்த்தி கடிதம் எழுதினார். அதில் வேலைநீக்கம் என்ற சொல்லே கிடையாது. 'உங்கள் எதிர்காலத்தை உங்கள் கையிலேயே திருப்பி ஒப்படைப்பதில் நிர்வாகம் மகிழ்ச்சி அடைகிறது' என்று இருந்தது. படித்த இரண்டு பேர் பதவி உயர்வு என்று நினைத்து லட்டு வாங்கி வந்தார்கள். இன்னொரு கம்பெனியில் பத்து வருஷமாக ஒரே மெஷின் முன்னால் நிற்கிற ஆளை, அவன் தொழிலாளியே இல்லை, 'வளாகத்துக்கு வந்துபோகும் சேவையாளர்' என்று நிரூபித்தார். மெஷினில் விரல் போனவனுக்கு 'வருகைக்கு நன்றி' என்று அட்டை அனுப்பாததுதான் பாக்கி.

இத்தனை அழுக்கான வேலை செய்கிறவருக்கு வெளியழுக்கு மட்டும் ஆகாது. யாருக்காவது கை கொடுத்தால் உடனே சானிடைசர். கதவைத் தொட்டால் சானிடைசர். ஊழலில் மாட்டிய ஒரு கூட்டுறவு வங்கி மேனேஜரின் பெயரைச் சொன்னதற்கே ஒருமுறை சானிடைசர் போட்டுக்கொண்டார். யாராவது பக்கத்தில் துப்பினால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். மூக்கு காது வரைக்கும் ஏறிவிடும்.

இத்தனைக்கும் சொந்த ஊர் எது என்கிறீர்கள்? உத்தனப்பள்ளியிலிருந்து உள்ளே போகிற ஒரு மண் ரோட்டின் கடைசி. அம்மா வெங்கடம்மாள் அங்கே எருமை மேய்த்துக்கொண்டு தனியாக இருந்தார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பெங்களூரில் யாராவது கேட்டால் 'பெங்களூருக்குக் கொஞ்சம் வெளியே' என்பார் மகன். அந்தக் கொஞ்சத்துக்குள் ஒரு டோல்கேட்டும் ஒரு மாநில எல்லையும் இருந்தன.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பார்ட்னர் ஆக வேண்டும். பார்ட்னர் ஆகும்வரை அவர் நிறுவனத்துக்குச் சம்பளத்துக்கு எழுதுகிற ஆள். ஆகிவிட்டால் நிறுவனத்தில் அவருக்கும் பங்கு. பெங்களூர் ஆபீஸ் கண்ணாடிக் கதவில் பெயர் ஏறும். இரண்டு முறை அவரைத் தாண்டிப் பின்னால் வந்தவர்களின் பெயர் ஏறியிருந்தது. நிறுவனத்தின் தலைவி சுசித்ரா மேடம் இந்த முறை வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு பேட்டரி கம்பெனிக்கு உத்தனப்பள்ளிப் பக்கம் நிலம் வாங்குகிறோம், ஒரு பொட்டு பாக்கியில்லாமல் முழுசாக வாங்கிக் கொடு, தீபாவளிக்குக் கதவில் உன் பெயர்.

ஏறக்குறைய எல்லாம் வாங்கியாகிவிட்டது. நட்ட நடுவில் சென்னகிருஷ்ணன் என்பவரின் நிலம் மட்டும் நின்றது. தக்காளி போடுகிற விவசாயி. அவரிடம் பேசப் போன அன்று நானும் போனேன்.

நிலத்துக்குள்ளேயே கிழக்குப் பக்கம் ஒரு பெரிய குட்டை. அழகான நீர்நிலை என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைப் பாசி பாய் விரித்த மாதிரி மூடிக் கிடந்தது. அழுகின தக்காளியை வண்டி வண்டியாக அதன் கரையில்தான் கொட்டுவார்கள். கொசு ஒவ்வொன்றும் சிட்டுக்குருவி சைஸ். அந்த நாற்றத்தில் என் மூக்குக்கண்ணாடியே மங்கிவிட்டது. குருமூர்த்தி காரிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"வாங்க சார், வாங்க மேடம், ஒக்காருங்க" என்று சென்னகிருஷ்ணன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். கன்னத்தில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குப் புகையிலை அடக்கியிருந்தார்.

"பரவால்ல, நிக்கறேன்."

"சேர் சுத்தமாத்தான் இருக்குது சார். நாய்தான் படுத்திருந்துச்சு. அதுவும் எங்க நாய்தான்."

குருமூர்த்தி இன்னும் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். பேச்சு நன்றாகவே போனது. சென்னகிருஷ்ணனுக்கு விற்க மனசு இருந்தது. பெண் சுவாதி பெங்களூரில் படிக்கிறாள், இனி தக்காளி பக்கம் திரும்பமாட்டாள் என்று சொன்னார்.

"எல்லாம் சரிங்க சார், குடுத்துடறன். ஆனா ஒண்ணு." புகையிலைச் சாறை ஓரமாகப் புளிச்சென்று துப்பினார். குருமூர்த்தி முகத்தை வெடுக்கென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து சென்னகிருஷ்ணன் தாடையால் கிழக்கே காட்டி, மிச்சப் புகையிலையோடு கொழகொழவென்று சொன்னார். "நெலத்துல ஒரு குண்டெ மட்டும் எங்களுக்கு வுட்டுடுங்க."

"ஒண்ணு என்ன அண்ணா, ரெண்டாவே வச்சிக்குங்க!"

"ரெண்டுக்கு எங்க சார் போறது? இருக்கறதே ஒண்ணுதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் குருமூர்த்தி.

"அதுக்குப் போவ வர வழியும் வேணுங்க."

"வழியும் எழுதிடலாம்."

"எங்களுக்கு மட்டும் இல்ல சார். அறுப்புக் காலத்துல பெரியவங்க வருவாங்க. வழக்கமா வர்றவங்க. அவங்கள மறிக்கக் கூடாது."

"சொந்தக்காரங்களா? தாராளமா வரட்டும் அண்ணா. உங்க பெரியவங்க எங்களுக்கும் பெரியவங்கதான்."

இந்த இடத்தில் கூட்டம் சிரித்த சிரிப்பில் நாயே எழுந்து போய்விட்டது. சென்னகிருஷ்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார். "இங்கிலீஷ்ல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணுன்னு ரெண்டு காயிதம் போடுவீங்க. நாளைக்கு ரெண்டும் வேற வேற பேசுச்சுன்னா?"

"தமிழ்தான் செல்லும். அதையும் எழுதித் தர்றேன், போதுமா?" என்றார் குருமூர்த்தி, வாய் நிறைய வள்ளல் தன்மையோடு.

திரும்பும்போது காரில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஒரு குண்டென்னா எவ்ளோ தெரியுமா மேடம்? முப்பத்து மூணு அடிக்கு முப்பத்து மூணு அடி. எங்க பெங்களூர் ஆபீஸ்ல செருப்பு விடற எடமே அதவிடப் பெரிசு. பாவம், அதக் கேக்கறதுக்கு என்ன தயக்கம் அந்த ஆளுக்கு!" மூலையில் எங்காவது கழிவறைப் பக்கம் அளந்து கொடுத்துவிடலாம், எந்த மூலை என்று இப்போதே எழுதிக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். அப்புறம் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் அடித்தேன். 'சொத்தில் உள்ள ஒரு குண்டெ விற்பவருக்கே சொந்தமாக நிற்கும். அதற்கு விற்பவரும், வழக்கமாக வந்துபோகும் அவருடைய பெரியவர்களும், எக்காலத்திலும் தடையின்றிச் சென்றுவரப் பாதை விடப்படும்.' அவரே படித்துப் பார்த்துத் தலையாட்டினார். பத்திரப்பதிவும் ஆயிற்று.

குட்டையை மூட ஜேசிபி போனபோதுதான் பூதம் கிளம்பியது. சென்னகிருஷ்ணன் கரையில் உட்கார்ந்துகொண்டு காகிதத்தை நீட்டினார். ஜேசிபி டிரைவர் படித்தார். 'ஒரு குண்டெ விற்பவருக்கே'. குட்டையைப் பார்த்தார். மறுபடி படித்தார். வண்டியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். கன்னடத்தில் 'கு'வை, 'குரு'வில் வருகிற மாதிரி, தொண்டையில் அழுத்திச் சொன்னால் குண்டெ என்பது நில அளவு. பெங்களூரில் மனை வாங்குகிறவர்கள் வாயில் சதா புரள்கிற வார்த்தை. 'குடை'யில் வருகிற மாதிரி அழுத்தாமல் சொன்னால் அதே குண்டெ, குட்டை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாயில் குடித்தனம் பண்ணுகிற உத்தனப்பள்ளிப் பக்கத்தில் குட்டைக்கு அதுதான் பெயர். சொன்னவர் வாயில் புகையிலை. கேட்டவர் காது பெங்களூரில். செல்லும் என்று எழுதித் தந்த தமிழிலோ இருப்பது ஒரே 'கு'.

குருமூர்த்தி அந்தச் சேற்றில் ஓடி வந்த ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "என்னண்ணா இது? குண்டென்னா அளவு இல்லையா?"

"அளவா? நாங்க எங்க சார் குண்டெல அளக்கறோம்? சென்ட்டு, ஏக்கருதான். நீங்க இந்தப் பக்கத்துப் புள்ளதான, ஒங்களுக்குத் தெரியாதா?"

"இந்தச் சாக்கடையை வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"நாங்க ஒண்ணும் பண்றதில்ல. சானமாவுக் காட்டுல இருந்து ஆனைங்க எறங்குதில்ல, பெரியவங்க, அவங்க இங்க தண்ணி குடிச்சிட்டு அப்பிடியே போயிடுவாங்க. இத மூடிட்டா நேரா ஊருக்குள்ள பூந்துடுவாங்க. போன தடவ இது வத்திப் போனப்ப எங்க பங்காளி வூட்டு செவுரே போச்சு. அதான் சார் கேட்டன்."

குருமூர்த்தி வாயைத் திறந்தார். கொசு ஒன்று உள்ளே போனது. மூடிக்கொண்டார்.

கம்பெனியின் வரைபடத்தில் அந்தக் குட்டை இருந்த இடத்தில்தான் முகப்புக் கட்டடம். கண்ணாடி, பளிங்கு, நீரூற்று எல்லாம் அங்கேதான். சுசித்ரா மேடம் வீடியோவில் வந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "ஏனு குரு இது?" என்று மெதுவாக ஆரம்பித்தார். "இந்த நாட்டுல ஆனைக்குப் பாதை உரிமை எழுதிக் குடுத்த முதல் கார்ப்பரேட் லாயர் நீதான். எனக்கு அந்த வார்த்தைக்கு அளவுன்னு ஒரு தீர்ப்பு வேணும். வாங்கினா கதவுல பேர். வாங்கலைன்னா உனக்கு இந்தக் கதவே கிடையாது."

ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் நடுவரிடம் போவது என்று குருமூர்த்தியே எழுதியிருந்தார். நடுவர், ரிட்டயர்டு ஜட்ஜ் நல்லுசாமி. அவர் முன்னால் ஒரே ஒரு உள்ளூர் சாட்சி, இந்தப் பக்கத்தில் குண்டெ என்றால் அளவுதான் என்று சொன்னால் போதும். குருமூர்த்தி உத்தனப்பள்ளியைச் சுற்றி ஊர் ஊராக அலைந்தார். ஒருத்தரும் சிக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். ஒருவர் அவரைத் தன் ஊர்க் குட்டைக்கே கூட்டிப்போய், "இது என்னான்னு நீயே சொல்லு சாமி" என்று கேட்டாராம்.

மிஞ்சியது ஒரே ஒரு ஆள்.

அம்மாவுக்குச் சாட்சி சொல்லிக்கொடுக்க என்னையும் கூட்டிப்போனார். வெங்கடம்மாள் எருமைக் கொட்டிலில் சாணி வழித்துக்கொண்டிருந்தார். "ஏமிரா குரு, ரா, ரா" என்று சாணிக் கையோடு எழுந்து வந்தார். மகன் இரண்டடி பின்னால் போனார். பெற்ற தாய் கையை நீட்டிக்கொண்டு வருகிறார், மகன் பின்னால் போகிறார், தாய் வருகிறார், மகன் போகிறார். அப்படியே விட்டிருந்தால் ராயக்கோட்டை வரைக்கும் போயிருப்பார்கள். கடைசியில் அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

மகன் விஷயத்தைச் சொன்னார். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"குண்டென்னா நெலத்து அளவுன்னு சொல்லணும். அவ்ளோதான?"

"அவ்ளோதாம்மா."

"பொய்தான?"

"பொய் இல்லம்மா. இது நம்ம நிலைப்பாடு."

"அப்டின்னா?"

"நம்ம பக்கம் என்ன சொல்றோமோ அது."

"பொய்தான?"

குருமூர்த்தி என்னைப் பார்த்தார். நான் எருமையைப் பார்த்தேன். எருமை மட்டும்தான் அங்கே கௌரவமாக இருந்தது.

"சொன்னா ஒனக்கு அந்தப் பாட்னரு நாற்காலி வருமா?" என்று அம்மா கேட்டார்.

"வரும்."

"சரி, சொல்றன். சென்னகிருஷ்ணன் மூஞ்சியப் பாத்துகினு சொல்லச் சொல்லாத. ஜட்ஜப் பாத்து சொல்றன்."

அரை நாள் சொல்லிக்கொடுத்தார். "உங்க எருமை எங்க தண்ணி குடிக்குதுன்னு குறுக்கால கேப்பாங்க, மாட்டிக்கக் கூடாது." "வூட்டுத் தொட்டில குடிக்குதுன்னு சொல்றன்." "கெட்டிக்காரி!" என்றார் மகன். அதுதான் அம்மாவைப் பாராட்டி அவர் சொல்லி நான் கேட்ட ஒரே வார்த்தை. அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தபிறகு அவர் கொடுத்த கெட்டித் தயிர்கூட எனக்கு இறங்கவில்லை. இரண்டாவது டம்ளர்தான் இறங்கவில்லை, முதலாவதைக் குடித்துவிட்டேன்.

விசாரணை ஓசூரில் ஒரு ஹோட்டல் மாடியில், ஏசி ஹாலில் நடந்தது. நல்லுசாமி ஐயா ஈரோட்டுக்காரர். பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டுதான் வழக்கைத் திறப்பார். வெங்கடம்மாள் புதுப்புடவை கட்டி வந்திருந்தார். சத்தியம் செய்யச் சொன்னதும் இவர்கள் சொன்ன சத்தியத்தோடு நிறுத்தவில்லை. குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குலதெய்வத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். சொல்லிக்கொடுத்ததில் அது கிடையாது. குருமூர்த்தியே திகைத்துப்போனார்.

"ஏனுங்கம்மா, உங்க பக்கத்துல குண்டென்னா என்னங்க?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"நெலத்து அளவுங்க. முப்பத்து மூணு அடி."

"குட்டைக்கு அந்தப் பேர் சொல்றதில்லீங்களா?"

"சொல்றதில்லீங்க."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. எனக்குத் தெரிந்த தொழில்முறைப் பொய்ச்சாட்சிகள் எல்லாரும் அவரிடம் டியூஷன் போக வேண்டும். ஊருக்கே தெரிந்த வார்த்தைக்குச் சாட்சி எதற்கு என்று யாரையும் கூட்டிவராத சென்னகிருஷ்ணனுக்குக் கேள்வி கேட்க வாய்ப்புக் கொடுத்தார் ஜட்ஜ். அவர் எழுந்தார்.

"அக்கா, நீயா?" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

வெங்கடம்மாள் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லுசாமி ஐயா ஒரு பிஸ்கட்டை முடித்துவிட்டுச் சொன்னார். "சாட்சி சொல்லியாச்சு. குலதெய்வத்து மேல வேற சத்தியம். எதிர்ச்சாட்சி இல்ல. குண்டென்னா அளவுதான். முடிஞ்சுது."

குருமூர்த்தி மேஜைக்கடியில் முஷ்டியை மடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். கதவில் பெயரின் முதல் எழுத்து ஏறிவிட்டது. அப்போது சென்னகிருஷ்ணன் மறுபடி எழுந்தார். முகத்தில் கோபமில்லை. வீட்டுக்குப் போகிற வழி கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"சரிங்க ஐயா. அந்த முப்பத்து மூணு அடி எங்கிருக்குதுங்க?"

ஜட்ஜ் ஒப்பந்தத்தைப் புரட்டினார். திருப்பிப் புரட்டினார். "எங்கன்னு எழுதலீங்களே வக்கீல் சார்?"

"கம்பெனி ஒதுக்குற எடத்துல..." என்று குருமூர்த்தி இழுத்தார்.

"கம்பெனி ஒதுக்கும்னு எழுதியிருக்குதுங்களா? இல்லீங்களே. 'விற்பவருக்கே சொந்தமாக நிற்கும்'னுதான் இருக்குது. அவரு விக்காத எடத்த அவருதான் காட்டோணும். சொல்லுங்க, எங்க வேணும்?"

"குண்டெ நடுவுல ஒரு குண்டெ குடுத்துடுங்க ஐயா."

"ஆட்சேபணை!" குருமூர்த்தி முதல் முறையாகக் கத்தினார். கத்தாத வக்கீல் கத்திவிட்டார். எனக்கு என் பழைய கோர்ட்டே திரும்பி வந்த மாதிரி ஆனந்தமாக இருந்தது. "குண்டென்னா அளவுன்னு இப்பத்தானே தீர்ப்பாச்சு! அளவுக்கு நடுவுல அளவு எப்டி வரும்?"

"அதுவும் சரிதான்" என்றார் ஜட்ஜ். என் பக்கம் திரும்பி, "அம்மா, 'கிழக்கே உள்ள பாசி பிடித்த தண்ணீரின் நடுவில்'னு போட்டுக்குங்க. பாதையோட."

முகப்பு ஹாலின் நடுவே முப்பத்து மூன்று அடிக்குச் சேற்றுத் தண்ணீர், அதற்கு வாசலிலிருந்து ஆனை போகிற அகலத்துக்கு ஒரு பாதை, அதைத் தடுக்கக் கம்பெனிக்கே உரிமையில்லை. பளிங்குத் தரையில் பெரியவர்கள் வரிசையாக வந்து, வரவேற்பு மேஜையில் கையெழுத்துப் போட்டு, கழுத்தில் விசிட்டர் அட்டை மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போவதை நான் மனக்கண்ணில் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி அந்த அளவுக்குப் போகவில்லை. நடுவில் ஒரு துண்டை விட்டுச் சுற்றிலும் மூடுவது ஆகாத காரியம் என்று குட்டையை அப்படியே விட்டுவிட்டு, கட்டடத்தை மேற்கே தள்ளிக்கொண்டது. ஆனைகளும் வழக்கம்போல வந்து குடித்துவிட்டுப் போகின்றன.

அப்படியானால் குருமூர்த்திக்கு நாற்காலி போய்விட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன், மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினேன். உங்களுக்கும் எனக்கும் அந்த உலகம் தெரியாது. சுசித்ரா மேடம் கேட்டது அந்த வார்த்தைக்குத் தீர்ப்பு. தீர்ப்பு வந்துவிட்டது. 'எல்லைப்புற நில அளவைச் சொல் ஒன்றின் பொருளை நிலைநாட்டி வரலாற்று வெற்றி' என்று நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அவர் படத்தோடு போட்டார்கள். கட்டடம் நகர்ந்த செலவு கம்பெனியுடையது, வெற்றி இவர்களுடையது. தீபாவளிக்குக் கண்ணாடிக் கதவில் பெயர் ஏறியது. படம் அனுப்பியிருந்தார்கள். தங்க எழுத்து. பார்த்துவிட்டு நான் ஓமத்தண்ணீர் குடித்தேன்.

அதோடு அந்த வேலையை விட்டுவிட்டேன். வெங்கடம்மாளை மட்டும் விடவில்லை. அந்தத் தயிரை விட யாருக்கு மனசு வரும்? பஸ் பிடித்துப் போய்வருவேன். அப்படிப் போன ஒருநாள் பஸ் நிறுத்தத்திலேயே அவரைப் பார்த்தேன். பேட்டரி கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்த முனிலட்சுமி, கூட நாலு பெண்களோடு ஷிப்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏக்கா, எருமைங்க இப்ப எத்தினி அடிக்கு எத்தினி அடில படுத்திருக்குதுங்க?" என்று முனிலட்சுமி கேட்டாள். மற்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

வெங்கடம்மாள் நடையை எட்டிப் போட்டார். இது தினம் நடக்கிறது என்று தெரிந்தது. சந்தையில் அவரிடம் நெய் வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். "பொய்ச் சத்தியம் பண்ண கையால கடஞ்சது" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அதையும் அவரேதான் என்னிடம் சொன்னார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எருமை எங்கே என்று கேட்டால் கையைத்தான் காட்டினார். "அங்க இருக்குதுங்க", "அந்தத் தண்ணில." பிறந்ததிலிருந்து சொல்லிவந்த வார்த்தையை வாயிலிருந்தே எடுத்துவிட்டிருந்தார். சாமி மேல் சொல்லியாகிவிட்டது, இனிமேல் மாற்றிச் சொன்னால் அது இன்னொரு பொய். அவர் கணக்கு அப்படி.

நான் தயிர்ப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரிய கார் வந்து நின்றது. புது கார். புது பார்ட்னர் இறங்கினார். கையில் பெங்களூர் ஸ்வீட் டப்பா. அதை அம்மா கையில் கொடுக்காமல் ஆட்டுக்கல் மேல் வைத்தார். என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, கொட்டில் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

"என்னம்மா, எருமைங்கள எங்க காணோம்?"

அம்மா கையைக் காட்டினார்.

"ஓ, குண்டெல கெடக்குதுங்களா?" என்றார் குருமூர்த்தி, வெகு சாதாரணமாக. தொண்டையை அழுத்தாமல், அட்சரம் பிசகாமல், இந்த ஊரில் பிறந்த பிள்ளை சொல்கிற மாதிரியே சொன்னார். சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. மொபைலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்கடம்மாள் மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"குண்டெல எருமை எப்டிடா கெடக்கும்? அது நெலத்து அளவு."

"என்னம்மா?"

"நெலத்து அளவு. முப்பத்து மூணு அடி. சாமி மேல சத்தியம் பண்ணியிருக்கறன். இனிமே என் வூட்டு வாசல்ல நின்னுகினு மாத்திப் பேசாத."

கோலை எடுத்துக்கொண்டு அந்தத் தண்ணீர்ப் பக்கம் நடந்துவிட்டார். ஸ்வீட் டப்பா மேல் ஈ வந்து உட்கார்ந்தது.

குருமூர்த்தி என் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு மேடம். எதை எங்க பேசறதுன்னு தெரியல" என்றார். பிறகு, "வாங்க, ஓசூர் வரைக்கும் கார்ல விட்டுடறேன்" என்றார்.

பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன். வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

"இந்த நேரத்துல பஸ் கெடையாதே மேடம். ரொம்ப நேரம் நிக்கணும்."

நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு மண் ரோட்டில் இறங்கினேன்.